கடையில கிடைக்காத தோட்டா

ஆர்டிஸோட ரைபிளுக்கு உலகத்துல எந்தக் கடையிலயும் தோட்டா கிடையாது. அந்தத் தோட்டாவையே அவதான் யோசிச்சு வரைஞ்சா. லேத் பட்டறையில வேலை பார்த்து ஓய்வு பெத்தவ. ஒரு பெரிய தோட்டாவோட பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை ஒடுக்கி, அதுல சின்னக் குண்டை வச்சா ரொம்ப தூரத்துக்கு நேரா போகும்னு அவ கணக்கு. ரைபிளோட குழலை, பேரலையும் அந்த அளவுக்கே குடைஞ்சு வாங்கினா.

அவ தம்பி டுவெய்ன் சிரிப்பான். "கடையில நூறு வகை இருக்கு. எங்க அக்காவுக்கு ஒண்ணும் பிடிக்கல. மாப்பிள்ளை பாத்தப்பவும் இதே கதைதான்."

"கடையில கிடைக்கிற அந்த நூறுல நீயும் ஒருத்தன்தானடா," என்பா ஆர்டிஸ்.

நான் அவ வீட்டுக்குப் பின்னாடி ஒரு டிரெய்லர்ல குடியிருக்கேன். இந்த மொன்டானா மாநிலத்துல எனக்கு வேற யாரும் இல்ல. ஞாயித்துக்கிழமைன்னா அவங்க ரெண்டு பேரும் எங்க போறாங்களோ அங்க நானும் போவேன்.

முதல்முதலா சரளைக் குழியில அவ அந்தத் தோட்டாவைச் சுட்டப்ப பக்கத்துல நின்னேன். வீட்டுல வச்சுக் கழுத்தை மட்டும்தான் ஒடுக்க முடியும். மிச்ச உருவத்தை வெடிதான் தரணும். உள்ள வெடிமருந்து எரியறப்ப பித்தளை உப்பிப் போய், பேரல்ல குடைஞ்சு வச்சிருக்கிற அச்சோட அப்பிக்கும். உள்ள போனப்ப அது பீர் பாட்டில் மாதிரி தோள் சரிஞ்சு கிடந்துச்சு. சுட்டுட்டு, தோட்டாவைப் பின்னாடி அடைச்சு மூடுற போல்ட்டை இழுத்தா, வெளிய விழுந்தது வேற ஒண்ணு. தோள் விறைப்பா, பட்டாளத்துக்காரன் தோள் மாதிரி. உடம்பு நேரா. கையில வச்சுப் பார்த்தேன், சுட்டுச்சு. கீழ போட மனசு வரல. இப்படி ஒரு உருவம் கண்ணை மூடித் திறக்கறதுக்கு முன்னாடி உலகத்துலயே கிடையாது. நெருப்பு ஒரே மூச்சுல செஞ்சு குடுத்துடுச்சு. நாங்க மூணு பேரும் அதைக் கைமாத்திக் கைமாத்திப் பார்த்துக்கிட்டே நின்னோம். டுவெய்னுக்கே கிண்டல் வரல.

இந்த வருஷம் அரசாங்கக் குலுக்கல்ல ஆர்டிஸுக்கு பிக்ஹார்ன்ங்கிற காட்டுச் செம்மறிக் கிடா சுட அனுமதி விழுந்துச்சு. காலம் பூரா பேர் குடுத்தும் விழாம செத்துப் போனவங்க இந்த ஊருல நிறைய. அவளுக்கோ முட்டி தேஞ்சு போச்சு. இன்னொரு தடவை அனுமதி விழுந்தாலும் மலை ஏற முடியாது. தான் செஞ்ச தோட்டாவால அந்த ஒரு கிடாவை வீழ்த்தணும். வேற எதுவும் அவ கேக்கல.

ஆனா வேட்டை சீசன் முடியறதுக்குள்ள சோதனை வந்துச்சு. திரும்பத் திரும்ப மருந்து போட்டுச் சுட்டதுல பழைய கூடு முக்காவாசி கழுத்துல கீறல் விட்டுடுச்சு. புதுசா ஒரு பாக்கெட் வாங்கி, கழுத்தை ஒடுக்கி, மருந்து அடைச்சு, கடைசி சனிக்கிழமை சரளைக் குழிக்குப் போனோம். உருவம் வர்றதுக்கு முதல்ல ஒரு தடவை சுட்டே ஆகணும்.

போல்ட்டை மூடுறப்ப கொஞ்சம் இறுகுச்சு.

"புதுக் கூடுன்னா இறுகத்தான் செய்யும்," என்றான் டுவெய்ன். "நீயே சொல்லிருக்கல்ல? இறுகினாதான் தோள் சரியா உக்காந்திருக்குன்னு. அமுக்கு, அக்கா."

அது நெசம்தான். அவளும் சந்தோஷமாத்தான் கையை வச்சா. வச்ச கை அப்படியே நின்னுச்சு. மெதுவா தோட்டாவை வெளிய எடுத்தா.

"என்ன?"

"இறுகுறது சரி. எங்க இறுகுதுன்னு தெரியல."

குண்டும் மருந்தும் இல்லாத கூட்டை அவ எப்பவும் ஒண்ணு ரெண்டு கையோட வச்சிருப்பா. அதுல இந்தப் பாக்கெட்டுக் கூடு ஒண்ணுல வெறும் குண்டை மட்டும் சொருகி, மேல பூரா கறுப்பு மார்க்கரால பூசினா. உள்ள விட்டு மூடி, வெளிய எடுத்தா. தோள்ல மை அப்படியே இருந்துச்சு. கழுத்தைச் சுத்தி மை தேஞ்சு பித்தளை மின்னுச்சு.

டுவெய்ன் முகம் வெளுத்துடுச்சு. எனக்குப் புரிய நேரமாச்சு. இந்தப் பாக்கெட்டுப் பித்தளை தடிமன். கூடுதல் தலைமுடி அளவுகூட இருக்காது. ஆனா வெடிக்கறப்ப கழுத்து விரிஞ்சு குண்டை விட இடம் வேணும். இடமில்லன்னா அத்தனை வேகமும் பின்னாடி, சுடுறவ முகத்துக்குத் திரும்பும்.

"நான் அமுக்குன்னு சொன்னேனே," என்றான் டுவெய்ன்.

"நானும்தான் அமுக்கப் போனேன். வாயை மூடிட்டு வண்டியை எடு."

தடிச்ச கழுத்தைச் செதுக்கி மெலிசாக்குற கருவி வீட்டுலயும் அவகிட்ட இல்ல. டுவெய்ன் தன் ரைபிளைக் கொண்டு வந்து மேஜை மேல வச்சான். "இது நல்லா சுடும். கிடாவுக்குத் தெரியவா போகுது?"

"எனக்குத் தெரியும்."

பழைய கூடுகளை விளக்கடியில கொட்டி, பூதக்கண்ணாடி வச்சு ஒவ்வொரு கழுத்தா பார்த்தா. கீறல் இல்லாதது ஒண்ணே ஒண்ணு தேறுச்சு. அதுல மருந்தை நிறுத்துப் போட்டு, குண்டை உக்கார வச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டா. தம்பி ரைபிளை எடுக்கல.

மறுநாள் மெதுவா மலை ஏறினோம். சாயங்காலம் பள்ளத்துக்கு அந்தப் பக்கப் பாறையில கிடா நின்னுச்சு. கொம்பு காதைச் சுத்தி வளைஞ்சு முழு வட்டமா இருந்துச்சு. நான் பைனாகுலரை இறக்கவே இல்ல. அவ்வளவு தூரத்துலயும் அது எங்களைப் பார்க்கிற மாதிரி இருந்துச்சு.

"கிட்ட போலாமா?" டுவெய்ன் குசுகுசுத்தான்.

"முட்டி வராதுடா."

பையை முன்னாடி போட்டு, அதுமேல ரைபிளை வச்சுப் படுத்தா. காத்து அடங்குற வரைக்கும் காத்திருந்து சுட்டா. சத்தம் மலையில முட்டித் திரும்பி வந்தப்பவும் கிடா நின்னுக்கிட்டேதான் இருந்துச்சு. அப்புறம் முன்னங்காலை மடிச்சு, உறங்கப் போற மாதிரி பனியில சாஞ்சுச்சு.

வெள்ளை மலை, அந்தத் தூரம், மேல ஒரு நட்சத்திரம்.

ரொம்ப நேரம் கழிச்சு டுவெய்ன் கேட்டான். "பேரல் மேல இந்தத் தோட்டாவுக்கு ஒரு பேர் வெட்டணுமே. என்ன வைக்கப் போற?"

ஆர்டிஸ் எந்திரிக்கல. அந்தப் பக்கமே பார்த்துக்கிட்டு இருந்தா.

"இப்ப வேணாம்டா," என்றா. "கொஞ்ச நேரம் சும்மா இரு."