எட்டு கிலோ

தம்பியின் கல்லீரல் இனித் தேறாது என்று மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள், "என்னோடதுல பாதிய எடுத்துக்குங்க" என்று அக்கா முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டாள். நகரப் பேருந்து ஓட்டுநர் அவள். பதினாறு வருடமாக அதே வழித்தடம். இரத்தப் பிரிவு பொருந்தியது. இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தன. ஸ்கேனில்தான் இடி விழுந்தது.

"உங்க கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இதை வெச்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து," என்றார் அறுவை மருத்துவர். "எட்டு கிலோ குறைங்க. ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

"அதுவரைக்கும் அவன் தாங்குவானா?"

"தாங்கணும்."

தம்பி மனைவியின் இரத்தப் பிரிவு சேரவில்லை. வேறு உறவென்று யாரும் இல்லை.

அன்றே அக்கா காலைச் சாப்பாட்டை நிறுத்தினாள். மதியம் ஒரு வெள்ளரிக்காய். வேலை முடிந்ததும் நேரே மருத்துவமனை. வார்டுக்கு வெளியே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இரண்டு மூன்று மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டு, விடிந்ததும் டிப்போவுக்கு ஓடினாள்.

"அண்ணி, நீங்க வீட்டுக்குப் போங்க. நான் இருக்கேன்" என்பாள் தம்பி மனைவி.

"உனக்கு எதுக்கும்மா கஷ்டம், நான் பாத்துக்கறேன்."

தம்பி மனைவி எப்போதோ ஒருமுறை மாத்திரை நேரத்தைத் தவறவிட்டது அக்கா மனதில் முள்ளாகக் கிடந்தது.

பத்து நாளில் ஒரு கிலோ இறங்கியது. நான்காவது வாரம் எடை பார்த்தபோது, ஆரம்பித்த இடத்தைத் தாண்டி இரண்டு கிலோ ஏறியிருந்தது. கைக்கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் கழற்றி வைத்துவிட்டு மறுபடி ஏறி நின்றாள். முள் இறங்கவில்லை.

யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கி, நடத்துநரும் நேரப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனதும், அவள் கதவுகளை மூடிக்கொண்டு பின்சீட்டுக்குப் போவாள். கிரீம் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தால் காலியாகும்வரை கை நிற்காது. ருசி தெரியாது. தின்று முடித்ததும் தன்மேலேயே அருவருப்பு வரும். அதற்குத் தண்டனையாக அடுத்த வேளையும் பட்டினி. "அவன் உசுரத்தான் தின்னுக்கிட்டிருக்கேன்" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள்.

தம்பி எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்த நிலையிலும் குசும்பு போகவில்லை. "நான் இழக்கற வெயிட்டெல்லாம் விலாசம் மாறி உன்கிட்ட வந்துடுதுக்கா." அவளும் சிரித்தாள். பிறகு கழிவறைக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்தாவது வாரம், பட்டப்பகலில், வண்டி ஓட்டும்போதே கண் இருட்டியது. சாலையைக் கடந்த ஒரு பெரியவருக்கு ஒரு முழம் முன்னால் பேருந்து நின்றது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்காவின் கை மட்டும் ஸ்டியரிங்கை விடவே இல்லை. நடத்துநர்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். விசில் என்றுதான் டிப்போ முழுக்க அந்த நடத்துநருக்குப் பெயர்.

"சாப்ட்டியாடி?"

அந்த ஒரு கேள்விக்கு, பிஸ்கட் விஷயம் உட்பட எல்லாவற்றையும் அக்கா சொல்லிக் கொட்டிவிட்டாள். டிப்போவில் அவளை வண்டியிலிருந்து இறக்கி அலுவலக வேலையில் உட்கார வைத்தார்கள். விசில் அவளை மருத்துவமனையின் உணவு ஆலோசகரிடம் இழுத்துப்போனாள்.

அந்த மனிதர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எத்தனை மணி நேரம் தூங்கறீங்க?" என்றார். பதிலைக் கேட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"கவலை அதிகமானா உடம்புல கார்டிசோல்னு ஒண்ணு கூடும். அது பசியைக் கிளப்பும், இனிப்பைத் தேட வைக்கும், கொழுப்பை வயித்துல சேத்து வைக்கும். தூக்கமும் கெட்டா இன்னும் மோசம். பட்டினி கிடந்துட்டு அப்பறம் பாஞ்சு பாஞ்சு தின்னது உங்க தப்பு இல்லம்மா. பயந்துபோன உடம்பு அப்படித்தான் பண்ணும்."

"இப்ப என்ன பண்ணட்டும்?"

"மூணு வேளையும் நேரத்துக்கு அளவா சாப்பிடுங்க."

"குறைக்கச் சொன்னா சாப்பிடச் சொல்றீங்களே."

"சாப்பிட்டாத்தான் பிஸ்கட் பக்கம் போகமாட்டீங்க. ஏழு மணி நேரம் தூங்குங்க. தினம் ஒரு மணி நேரம் நடங்க. எடை வாரம் ஒரு தடவை பாத்தா போதும். முக்கியமா, ஆஸ்பத்திரிக் காவலை வேற யார்கிட்டயாவது குடுங்க."

"ஆளில்ல."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அவள் தம்பி மனைவியைத் தேடிப் போனாள். வாசலில் நின்றவளை அன்றுதான் சரியாகப் பார்த்தாள். கைக்கடிகாரம் முழங்கைவரை நழுவியிருந்தது.

"என்னம்மா இப்படி இளைச்சுட்டே?"

"சோறு தொண்டையில இறங்கல அண்ணி. நீங்க என்னை அவர் பக்கத்துலயே விடல. வீட்ல உக்காந்து சுவரைப் பாத்துக்கிட்டிருக்கேன்."

ஒரே கவலைதான், அவளை உருக்கியிருக்கிறது, தன்னை ஊதவைத்திருக்கிறது. அக்கா தலைகுனிந்து, "இனிமே நீ இரும்மா" என்றாள்.

அதன்பிறகும் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. இரண்டு மாதம் முடிந்தபோது மூன்று கிலோகூடக் குறைந்திருக்கவில்லை. இன்னும் ஐந்து வாரம் கேட்டுக் கெஞ்சினாள். தம்பியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். கல்லீரல் பிரிக்காத கழிவுகள் மூளைக்கு ஏறியதில், அக்காவையே பார்த்து, "யாரு நீங்க?" என்றான். அன்று வெளியே வந்ததும் முதல் கடையில் பிஸ்கட் வாங்கினாள், நடைபாதையில் நின்றே பாக்கெட்டைக் காலி செய்தாள். பிறகு விசிலுக்குப் போன் போட்டாள்.

"தின்னுட்டேன்டி."

"சரி. ராத்திரி சாப்பாட்ட மட்டும் விட்றாத. காலைல நடக்க வரேன்."

விடிந்ததும் வந்தாள். டிப்போவின் சுற்றுச்சுவரை ஒட்டி இருவரும் ஒரு மணி நேரம் நடந்தார்கள்.

கடைசி ஸ்கேனின்போது ஆறரைக் கிலோ குறைந்திருந்தது. மருத்துவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எட்டு வரல. ஆனா கொழுப்பு எல்லைக்குள்ள வந்துடுச்சு. வியாழக்கிழமை வெச்சுக்கலாம்."

அறுவை சிகிச்சை பன்னிரண்டு மணி நேரம் நடந்தது. தம்பி நான்கு நாள் கண் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியம், வேறு வார்டில் படுத்திருந்த அக்காவின் போன் அடித்தது.

"அண்ணி, என் பேரைச் சொல்லித் தண்ணி கேட்டார்."

பொங்கிவந்த அழுகையில் தையல் பிரிந்துவிடப் போகிறதே என்று அக்கா வயிற்றை இரு கையாலும் பொத்திக்கொண்டாள். "குடுத்தியா?"

"பஞ்சுல நனைச்சு உதட்டுல வெச்சேன். இன்னும் வேணுங்கறார்."