தள்ளிப்போன இறுதிப் போட்டி

இரும்பாலை உணவுக்கூடத்தில் ஓத்தகார் சூப் குடித்துக்கொண்டிருந்தான். அவனுடைய பழைய ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர் ஹினெக் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பைனலுக்குத் தேதி குடுத்துட்டாங்கப்பா."

"எந்த பைனல்?"

"ஐரோப்பியக் கோப்பை. செமி பைனல்ல நீ கோல் போட்டு ஜெயிச்சோமே, அதோட பைனல்."

ஓத்தகார் கரண்டியைக் கீழே வைத்தான். அந்த கோல் போட்டு இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. எதிரணியான மாஸ்கோக்காரர்களுக்கு நேரமில்லை, அப்புறம் இவர்களுக்கு நேரமில்லை என்று பைனல் தள்ளிக்கொண்டே போனது. அந்த பைனலுக்காகவே வீங்கிய முழங்காலோடு ஒரு வருடம் கூடுதலாக ஆடிப் பார்த்தான். போன வசந்தத்தில் முடியாமல் விட்டுவிட்டு உலை வேலைக்கு வந்துவிட்டான்.

"அன்னைக்கு ஆடினவங்கள்ல யாருண்ணே மிச்சம்?"

"நீ வந்தா மூணு பேர். ரெண்டு ஆட்டம். முதல்ல மாஸ்கோவுல, அடுத்த வாரம் இங்க. உன் சட்டை நம்பரை இன்னும் யாருக்கும் குடுக்கல."

"ஏன் குடுக்கல? குடுத்திருந்தா நான் நிம்மதியா சூப் குடிச்சிட்டிருப்பேன்."

ஆலைச் சங்கு ஊதியது. ஓத்தகார் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். முழங்கால் நிமிர நேரமாயிற்று. ஹினெக் அதைப் பார்க்காததுபோல உப்புக் குப்பியை நகர்த்தி வைத்தார்.

"மாஸ்கோவுக்கு வரல. இங்க நடக்குறதுல ஆடுறேன்."

"அங்கயே நல்லா தோத்துட்டு வந்தோம்னா?"

"தோத்துட்டுத்தான் வருவீங்க. இங்கயும் தோத்தா நடந்தே வீட்டுக்குப் போயிடலாம்ணே. எனக்கு அது போதும்."