டீன் சொன்ன ஒரு வார்த்தை

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் டீன். எந்தக் கல்லூரிக்கு டீன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அவருக்கு இருமல் வந்திருக்கும்.

தலை நரைக்கும்வரை பல்கலைக்கழகத்தின் தேர்வுப் பிரிவில் வேலை பார்த்தவர். பரீட்சைக்கு முந்தின நாள் மேஜைக்கு மேஜை நம்பர் சீட்டு ஒட்டுவார். மறுநாள் காலையில் இடம் தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளைப் பார்த்து, "அந்த மூலை, உக்காரு" என்று கை காட்டுவார். நேர்மையான வேலை. ஓய்வு பெற்ற பிறகுதான் அது அவர் வாய்க்குள் போய் ஊறிப் பெருத்துவிட்டது.

"இந்த ஊர்ல இருக்கிற டாக்டருங்க, இன்ஜினீயருங்க, பாதிப் பேரை உக்கார வச்சது யாருன்னு நினைக்கிறீங்க?" என்பார், கீழே இருக்கும் முடிதிருத்தும் கடையில். பொய் சொன்னார் என்று அவர்மேல் வழக்குப் போட முடியாது. ஒவ்வொரு சொல்லும் உண்மை.

கட்டடத்தின் தரைத்தளத்தில் அவருக்கு ஓர் அறை. சாப்பாடு மூன்றாம் மாடியில், தங்கை வீட்டில். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். யாரைப் பார்த்தாலும் முகத்துக்கு முன்னால் கண்ணின் பவர்தான் அவளுக்குத் தெரியும். அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஓட வைப்பார். சொந்தக் கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் ஓடாது. அவர்களுடைய ஒரே மகள் வாலு. அவளுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர வேண்டும். தெருநாய் தும்மினால்கூடக் கீழே இறங்கிப் போய் விசாரிக்கிற பெண்.

அவளோடு படித்த பிள்ளைகள் பெரிய பெரிய பயிற்சி மையங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வாலு வீட்டு மூலையில் உட்கார்ந்து, போனில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு நுழைவுத் தேர்வுப் பயிற்சியில் கேள்வி கேள்வியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். டீனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

"சும்மா கிடைக்கிறதுல என்ன சத்து இருக்கும்? நான் ஒரு வார்த்தை சொன்னா போதும். சீட் உன்னைத் தேடிக்கிட்டு வரும்."

இதை அவர் ஒரு தடவை சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னார். நுணலும் தன் வாயால் கெடும். ஒருநாள் தங்கை தட்டை எடுக்காமலே கேட்டுவிட்டாள். "அண்ணா, அந்த ஒரு வார்த்தையை எப்பத்தான் போய்ச் சொல்லப் போறீங்க? பரீட்சை வந்துடுச்சே."

டீனுக்கு இருமல் வந்தது. "நாளைக்கே," என்றார்.

மறுநாள் மொடமொடவென்று தேய்த்த சட்டையில் இரண்டு பேனாக்களைச் செருகிக்கொண்டு கல்லூரிக்குப் போனார். வரவேற்பு மேஜையில் இருந்த பெண் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீங்க யாரு சார்?"

இந்தக் கேள்விக்கு அவர் தயார் செய்துகொண்டு வரவில்லை. "டீன்," என்றார், பழக்கதோஷத்தில்.

"டீன் உள்ளதான் இருக்காரு. பாக்கணுமா?"

"வேணாம், வேணாம். ஒரு சீட் விஷயமா வந்தேன்."

"சீட்டா? அதோ சுவரோரமா ஒண்ணு காலியா இருக்கு. உக்காருங்க."

உட்கார்ந்தார். மத்தியானம் வந்தது, போனது. சாயங்காலம் ஓர் இளைஞர் வந்து, அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஐயா, இப்ப யார் சொல்லியும் ஒண்ணும் ஆகாது. மார்க் என்ன, சீட் யாருக்கு, எல்லாம் கம்ப்யூட்டரே போட்டுடும். அட, பரீட்சை ஹால்ல மேஜைக்கு நம்பர்கூட நாங்க ஒட்டறதில்லீங்க. வாசல் ஸ்கிரீன்லயே வந்துடும்."

முதலில் சொன்னதைவிடக் கடைசியில் சொன்னதுதான் டீன் நெஞ்சில் தைத்தது. அன்று அந்தக் கல்லூரியில் அவருக்குக் கிடைத்த ஒரே சீட், அந்தச் சுவரோர நாற்காலி.

பொய் சொல்லக் கூடாது என்று படியேறும்போதே தீர்மானித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு அண்ணா?"

"போனேன். உக்கார வச்சாங்க. சாயங்காலம் வரைக்கும் அங்கதான் இருந்தேன்."

"சாயங்காலம் வரைக்குமா!" தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது. நேராக மூலைக்குப் போனாள். மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். "மாமா அவ்வளவு நேரம் உக்காந்து பேசியிருக்காரு. இனிமே இது எதுக்குடி? எங்க கடைக்கு வந்து பாரு. உன் வயசுப் பசங்கல்லாம் சோடாபுட்டி மாட்டிக்கிட்டு நிக்குதுங்க."

"அம்மா! பரீட்சைக்கு மூணு வாரந்தான் இருக்கு!"

"அது சும்மா பேருக்கு. அண்ணா, இதை நீங்களே வச்சுக்கோங்க. அழுதாலும் குடுக்காதீங்க."

போன் டீனின் சட்டைப் பைக்குப் போயிற்று. வாலு அவரையே பார்த்தாள். "மாமா, நெஜமாவே பேசினீங்களா?"

"பெரியவங்க விஷயத்துல தலையிடாதே," என்று சொல்லிவிட்டு டீன் அவசரமாகப் படியிறங்கினார்.

மறுநாள் முடிதிருத்தும் கடையில், ஒரு கன்னம் மழித்து மறு கன்னம் நுரையோடு இருக்கும் நிலையில், "அந்தக் காலத்துல நான் உக்கார வச்ச பசங்க..." என்று ஆரம்பித்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல் கணீரென்று எழுந்தது.

"வணக்கம், வாலு! இன்றைக்கு இன்னும் நீங்கள் பயிற்சிக்கு உட்காரவில்லையே. வாருங்கள், உட்காரலாம்!"

கத்தி அந்தரத்தில் நின்றது. "டீன் சார், உங்க சட்டைப் பை உங்களை வாலுங்குது," என்றார் முடிதிருத்துபவர்.

"கூப்பிட்ட உடனே போயிடுங்க சார். பயிற்சிக்கு லேட்டாகுதாம்," என்றார் முறைக்குக் காத்திருந்த பேக்கரிக்காரர்.

டீன் பையை அமுக்கினார். "உட்காரலாம்!" என்றது பை மறுபடியும். பாதி நுரையோடு அறைக்கு ஓடினார்.

வாயை அடைக்கத்தான் போனைத் தட்டினார். தட்டிய இடத்தில் 'தொடங்கு' என்று எழுதியிருந்தது. கேள்வி வந்து நின்றது: பசுவின் இரைப்பையில் எத்தனை அறைகள்? ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு.

"எட்டு ரூமா? மாடா, லாட்ஜா?" என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்றைத் தொட்டார்.

"பரவாயில்லை! தவறும் ஒரு படிதான். விடை நான்கு. கொஞ்சம் எளிதான கேள்வி பார்க்கலாமா?"

டீனுக்குச் சுருக்கென்றது. அவருக்கு எளிதான கேள்வியா? அடுத்ததைப் பார்த்தார். அதுவும் போயிற்று. அந்தப் பயிற்சியின் குணம் அது: ஆள் தடுக்கினால் ஒரு படி இறங்கி வந்து கை கொடுக்கும். டீனுக்காக அது இறங்கியது, இன்னும் இறங்கியது, பள்ளிக்கூடத்து வகுப்புகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் கடந்து கீழே வந்து, கடைசியில் கேட்டது: நாய் எந்த வகை? பறவை, மீன், பாலூட்டி.

டீன் நன்றாக யோசித்துப் பாலூட்டியைத் தொட்டார்.

"அபாரம், வாலு!" ஒரு நட்சத்திரம் சுழன்று வந்து திரையில் உட்கார்ந்தது. யாராவது பார்த்தார்களா என்று டீன் திரும்பிப் பார்த்தார். வாழ்நாளில் எத்தனையோ பரீட்சை ஹால்களைப் பார்த்தவர். அவரைப் பார்த்து யாரும் அபாரம் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சாப்பாட்டு வேளை தாண்டியும் அவர் மாடிக்கு வரவில்லை.

தேடிக்கொண்டு வாலு இறங்கி வந்தாள். மேஜைமேல் இருந்த போனைப் பார்த்தாள்.

"மாமா, நாய் பாலூட்டின்னு சொன்னதுக்கு எனக்கு எதுக்கு நட்சத்திரம் குடுத்திருக்கு?"

"தெரியாம கை பட்டிருக்கும்."

"நாப்பது கேள்வியிலயுமா?"

"கை கொஞ்சம் பெரிசு."

"ஐயோ, என்னைக் கொண்டு போய் ஆறாங்கிளாஸ்ல விட்டிருக்கீங்க!" அவள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அப்புறம் குரல் இறங்கியது. "மாமா, என்னைப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு அங்க சீட் இருக்கா, இல்லையா?"

டீனிடம் அளந்து விட எத்தனையோ வார்த்தைகள் வரிசையில் நின்றன. அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் வெளியே வரவில்லை.

"இருந்துச்சு. சுவரோரமா. நான்தான் அதுல நாள் பூரா உக்காந்திருந்தேன்."

வாலு சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தாள். அதில் பாதி பயம்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"சொல்லல. போனைக் குடுங்க."

"குடுத்தா மோப்பம் பிடிச்சுடுவா. கண்ணு, கண்ணுன்னு உயிரை எடுப்பா."

வாலு யோசித்தாள். "அப்ப நீங்க கேள்வியைப் படிங்க, நான் பதில் சொல்றேன். கெட்டா உங்க கண்ணு கெடட்டும். அதுக்கு ஏற்கெனவே கண்ணாடி இருக்கு."

அன்று தங்கையிடம் டீன் பழைய கம்பீரத்தோடு அறிவித்தார்: "சிபாரிசுன்னா சும்மா இல்லம்மா. அதுக்கு ஏத்த மாதிரி பிள்ளையைத் தயார் பண்ணணும். தினம் சாயங்காலம் மொட்டை மாடிக்கு அனுப்பு. போன் என் கையிலதான் இருக்கும்." வழக்கம்போல ஒவ்வொரு சொல்லும் உண்மை.

தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் இரண்டு நாற்காலிகள். ஒன்றைக் காட்டி டீன், "உக்காரு," என்பார். அந்த ஒரு சொல்லில் மட்டும் பழைய பரீட்சை ஹாலே எழுந்து நிற்கும். அதற்குப் பிறகு வந்தவைதான் தள்ளாட்டம். மைட்டோகாண்ட்ரியாவை அவர் மைதா கான்ட்ராக்டர் என்று படித்தார். வாலு திருத்தினாள். மறுநாளும் மைதா கான்ட்ராக்டரே வந்தார். ஒரு வாரத்தில் வாலு ஆறாம் வகுப்பிலிருந்து ஏறி, விட்ட இடத்தையும் தாண்டிப் போனாள். டீனுக்கும் ஒரு புது வார்த்தை பழகியிருந்தது. யாரையும் ஒரு தடவைகூட மன்னித்தறியாத மனிதர், அந்தப் பெண் குரலுக்கு முந்திக்கொண்டு, "பரவாயில்லை! தவறும் ஒரு படிதான்," என்று ராகம் போட்டார்.

ஒருநாள் கேள்விகள் மண்ணைக் கவ்வ வைத்தன. வாலு எழுந்துபோய்த் தொட்டியில் சாய்ந்துகொண்டாள். "போதும் மாமா. எனக்கெல்லாம் கிடைக்காது."

டீனுக்குத் தேற்றத் தெரியாது. போனைத் தானே தட்டி, உரக்கப் படித்து, தனக்குத் தோன்றியதைச் சொல்ல ஆரம்பித்தார். "கோழிக்குப் பல்லு எத்தனை? முன்பக்கம் ரெண்டு இருக்கும்..."

"ஐயோ மாமா! கோழிக்கு ஏது பல்லு? குடுங்க இங்க!" வாலு திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

தங்கையின் கணவருக்கு மட்டும் மூக்கில் வேர்த்திருந்தது. படியில் எதிரே வந்த டீனைப் பார்த்துக் கேட்டார்: "மாடியில தினம் திட்டு வாங்கறாரே, யாரு மச்சான் அந்த மைதா கான்ட்ராக்டர்?" கேட்டுவிட்டு மெக்கானிக் அவர் தோளில் தட்டினார். "சிபாரிசு பண்ணி எந்த லிஃப்டும் மேல போய் நான் பாத்ததில்ல. பட்டனைத்தான் அமுக்கணும். நல்லா அமுக்குங்க."

பரீட்சையன்று வாலுவோடு டீனும் போனார். வாசல் திரையில் நம்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஒட்ட ஒரு சீட்டும் இல்லை. ஆனாலும் திரை முன்னால் முழித்துக்கொண்டு நின்ற வாலுவைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியே இருந்தே ஒரு சத்தம் போட்டார்: "வாலு! போய் உக்காரு!" நாலைந்து பிள்ளைகள் பயந்துபோய் உள்ளே ஓடின. வாலு சிரித்துக்கொண்டே போனாள்.

முடிவு வந்த அன்று மூன்றாம் மாடியில் நிற்க இடமில்லை. 'கால்நடை மருத்துவம்: இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று திரையில் வந்ததும் வாலு போட்ட கூச்சலில் தெருநாய் நான்கும் குரைத்தன. லிஃப்ட் மெக்கானிக் மகளைத் தூக்கிச் சுற்றினார். பேக்கரிக்காரர் ஒரு பெட்டி கேக்கோடு மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி வந்தார். முடிதிருத்துபவர், கடையில் ஒரு வாடிக்கையாளரைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"எல்லாம் எங்க அண்ணன் சொன்ன ஒரு வார்த்தை!" என்று தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். "அப்படி என்னதான் சொன்னீங்க அண்ணா?"

எல்லோரும் டீனைப் பார்த்தார்கள். எத்தனையோ வருஷமாக அவர் காத்திருந்த சபை. 'நான் மட்டும் அன்னிக்குப் போகலேன்னா' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாலு கேக்கை மென்றுகொண்டே ஒரு புருவத்தை உயர்த்தினாள்.

டீன் வந்த வார்த்தையை விழுங்கினார். "அங்க யாருகிட்டயும் நான் ஒண்ணும் சொல்லல. நான் சொன்ன ஒரு வார்த்தை இவகிட்டத்தான். 'உக்காரு'ன்னேன். உக்காந்தா. மத்ததெல்லாம் அவளும் அந்த இலவசப் பயிற்சியும்."

"பாத்தீங்களா பெரிய மனுஷனை!" என்றார் முடிதிருத்துபவர் நெகிழ்ந்துபோய். "கொஞ்சமாவது காட்டிக்கிறாரா!"

"அட, நெஜமாத்தான்யா! நான் மேஜைக்கு நம்பர் சீட்டு ஒட்டினவன்!"

"என்ன அடக்கம், என்ன அடக்கம்," என்றார் பேக்கரிக்காரர்.

அத்தனை வருஷம் அளந்து விட்டும் சேராத மதிப்பு, இரண்டே இரண்டு உண்மையில் மூன்று மாடி உயரத்துக்கு ஏறிவிட்டது. தங்கை மட்டும் அண்ணனைக் கூர்ந்து பார்த்தாள், கடையில் லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்ப்பதுபோல.

"அப்ப அன்னிக்கு, சாயங்காலம் வரைக்கும்?"

"உக்காந்துதான் இருந்தேன்," என்றார் டீன் சன்னமாக.

தங்கைக்குப் புரிந்தது. மகளைப் பார்த்தாள், மொட்டை மாடிப் படியைப் பார்த்தாள், அண்ணன் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். "சரியான ஆளுண்ணா நீங்க!" என்று கேக்கில் பெரிய துண்டாக எடுத்து அவர் வாயில் அடைத்தாள். பேசாமல் இருக்க அதுவும் ஒரு வழி.

மறுநாள் சாயங்காலம் தரைத்தள அறைக் கதவு தட்டப்பட்டது. பேக்கரிக்காரர் தன் மகளோடு நின்றார். சட்டையில் மாவு, குரலில் பவ்யம். "டீன் சார், அடுத்த வருஷம் இவளும் பரீட்சை எழுதறா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

டீன் அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். காலால் ஒரு நாற்காலியை முன்னால் தள்ளினார்.

"உக்காரு," என்றார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனை எடுத்தார். "சொல்லு, மாட்டு வயித்துல எத்தனை ரூம்?"