ஆமி மாப்பிள்ளையிடம் ஒரு கேள்வி

ஹரோ நகரில் தன் வீட்டு வரவேற்பறையில் வந்து உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையைக் கலாவதி கண் வெட்டாமல் பார்த்தாள். பெயர் பிரவீணன், வயது முப்பத்துநாலு, பெற்றோர் புங்குடுதீவு, பிறந்து வளர்ந்தது ஜெர்மனி. சாதகம்கூடப் பொருந்திவிட்டது. ஆனால் வேலை? ஜெர்மன் இராணுவத்தில் கப்டன். ஊரெல்லாம் டொக்டர் மாப்பிள்ளை, எஞ்சினியர் மாப்பிள்ளை என்று கொண்டாட, தனக்கென்று ஆமி மாப்பிள்ளையா வாய்க்கவேண்டும் என்று ஒரு கிழமையாக அவளுக்கு நித்திரை இல்லை.

கணவர் வாமதேவன் எப்போதோ சம்மதித்துவிட்டார். மகள் கோசிகாவோ, "அம்மா ஓமெண்டால்தான் கட்டுவன். இல்லாட்டி ஒருத்தரையும் கட்டமாட்டன்" என்று பாரத்தைத் தாயின் தலையில் இறக்கிவிட்டாள். பிரவீணன் மாலை விமானத்துக்குப் புறப்படுமுன் கலாவதி பதில் சொல்லியாக வேண்டும்.

பயம் ஒரு பக்கம் கிடக்க, துருவித் துருவி விடுப்புக் கேட்கும் ஆசை அவள் கூடவே பிறந்தது. தோண்டத் தொடங்கினாள்.

"ஏன் தம்பி ஆமியில சேர்ந்தனீங்கள்?"

"பாலம் கட்ட ஆசை அன்ரி. சம்பளமும் தந்து எஞ்சினியரிங் படிப்பிச்சவை. பத்தொன்பது வயசில சேர்ந்தனான்."

"அம்மா விட்டவவோ?"

"மூண்டு மாசம் என்னோட கதைக்கேல்லை."

கலாவதிக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. பிறகு, வெள்ளத்தின்போது ஆற்றுக்குக் குறுக்கே ஒரே நாளில் போட்ட பாலம், இப்போது அவன் சொல்லுக்குக் கட்டுப்படும் நூற்றிருபது பேர், எல்லாம் வெளியே வந்தன. நல்ல பிள்ளைதான். இத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம்.

"வெளிநாட்டுக்கும் அனுப்பினவையோ?"

"ஓம். ஆப்கானிஸ்தானுக்கு. குண்டு தேடுற வேலை."

"குண்டு தேட ஆக்களின்ர வீடுகளுக்குள்ளயும் போயிருக்கிறீங்களோ?"

வாமதேவன் இருமினார். கோசிகா தாயை முறைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிடுமோ என்று இருவருக்கும் பதைப்பு. அவன் 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

"போயிருக்கிறன் அன்ரி," என்றான் பிரவீணன்.

கலாவதிக்குப் பதினொரு வயதாக இருந்தபோது, பிறந்த ஊரான உரும்பிராயில், அவள் வீட்டுக்குள்ளும் ஆமி வந்தது. அப்பாவை முழங்காலில் இருத்திவிட்டு அறை அறையாகக் கிளறினார்கள். கூட வந்த அதிகாரி அவளையே பார்த்தபடி நின்றான். அவன் என்ன நினைத்திருப்பான் என்ற கேள்வி இத்தனை வருடமாக அவளை விட்டதில்லை. கேட்பதற்குத்தான் ஓர் ஆள் அகப்படவில்லை.

"வெளியில வந்தாப்பிறகு அந்த வீட்டுச் சனத்தைப் பற்றி யோசிச்சனீங்களோ?"

"ஒரு சின்னப்பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எங்களைக் கண்டவுடன சாப்பாட்டுக் கோப்பையில இருந்து கையை எடுத்திட்டுது. அங்க ஒண்டும் கிடைக்கேல்லை. நாங்கள் போனாப்பிறகு அது சாப்பிட்டிருக்குமோ எண்டு இப்பவும் யோசிக்கிறனான்."

"சாப்பிட்டிராது தம்பி," என்றாள் கலாவதி. "நான் ரெண்டு நாள் சாப்பிடேல்லை."

பிரவீணன் தலை குனிந்தான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி" என்றான். அவள் வீட்டில் நடந்தது அவன் செய்த குற்றமல்ல. ஆனாலும் வேறு எந்த ஆமியும் அவளிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. கலாவதி அழுதாள், அடக்கவும் முயலவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"கலியாணத்துக்கு இவர் வேட்டியோடதான் வரவேணும். ஆமி உடுப்போட மண்டபத்துக்குள்ள கால் வைக்கப்படாது, சொல்லிப்போட்டன்."