யோசிக்க விட்ட நேரம்

"உங்க மிஸஸ் கிளாஸ்ல டெட் ஏர் ஜாஸ்தி சார்," என்றார் பள்ளியின் இணையவழிப் பிரிவுப் பொறுப்பாளரான அந்த அம்மா. சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். "அதாவது கேப். பேசாம நிக்கிற இடம்," என்று திருத்திக்கொண்டார். நான் மடிக்கணினிப் பையை மடியிலிருந்து இறக்கவில்லை. அந்தக் குளிர் அறைக்குள் வந்து உட்கார்ந்ததிலிருந்தே இந்த அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை. துக்கம் விசாரிக்கும்போது குரலைத் தாழ்த்தினார். வேலை என்று வந்ததும் ஏற்றிக்கொண்டார்.

என் மனைவி இந்தப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். ஊரடங்கில் வகுப்புகள் திரைக்கு வந்தபோது எங்கள் படுக்கையறை பீரோவின் கதவில் கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தேன். என் மூக்குக் கண்ணாடிக் கடை பூட்டிக் கிடந்தது. அவளுக்கு எடுபிடி நான்தான். முதல் வாரத்திலேயே ஒருநாள், கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு சாக்பீஸும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். நெட் போய்விட்டது என்று ஓடிப்போய் மோடத்தை அணைத்துப் போட்டேன். மொத்த வகுப்பும் காணாமல் போனது.

"உங்கள யாருங்க இப்ப கூப்பிட்டா?"

"நீ ஆடாம அசையாம நின்ன. தொங்கிப்போச்சோன்னு..."

"பிள்ளைங்க யோசிக்கிறாங்க! கடைக்கு வர்றவங்ககிட்ட எழுத்து தெரியுதான்னு கேட்டுட்டு நீங்களே படிச்சுக் காட்டுவீங்களா?"

வகுப்பறையில் என்றால் முகங்களைப் பார்த்தே யார் விடையை நெருங்கிவிட்டார்கள் என்று கண்டுபிடித்துவிடுவாள். திரையில் முகங்கள் இல்லை. கறுப்புக் கட்டங்களும் அவற்றுக்குள் பெயர்களும்தான். அவற்றுக்குப் பின்னால் யாரோ யோசிக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டு நிற்பாள். அப்படி நின்றபோது ஒருநாள் ஒரு கட்டத்திலிருந்து ஓர் ஆண்குரல் எல்லோருக்கும் கேட்டது. "பீஸ் கேக்க மட்டும் வாய் இருக்கு. பாரு, சிலை மாதிரி நிக்கிறத." அவள் முகம் சிவந்துவிட்டது. "அப்பாக்களுக்கு இந்தக் கேள்வி இல்ல சார். மைக்க அணைச்சுட்டு உங்க வேலையப் பாருங்க," என்றாள். மறுநாள் இதே பொறுப்பாளர்தான் போன் செய்து அந்த அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். அவள் கேட்கவில்லை. அந்த வகுப்புகளெல்லாம் மடிக்கணினியில் பதிவாகியிருந்தன. பள்ளி திறந்த பிறகும் மாலையில் சில பாடங்களை அதே பீரோவின் முன்னால் நின்று பதிவு செய்து வைத்தாள். படுக்கையில் விழும்வரை.

அவள் போன பிறகு, வெளியூரில் இருக்கும் மகள் ஒரு வீடியோவை அனுப்பியிருந்தாள். 'அப்பா, அம்மாவைப் பாருங்க.' பள்ளி வெளியிட்டது. பார்த்தேன். கேள்வி கேட்ட வாயாலேயே, மூச்சு விடாமல், விடையையும் சொன்னாள். அடுத்த கேள்வி, அடுத்த விடை. வெட்டிய இடங்களிலெல்லாம் தலை ஒருமுறை துள்ளியது. எங்கள் வீட்டுப் பீரோ, அவளுடைய குரல். ஆனால் எதிரில் இருப்பவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காத யாரோ ஒரு பெண். பாதியில் அணைத்துவிட்டேன்.

மீதிப் பாடங்கள் என் மடியில் இருந்த மடிக்கணினியில் மட்டுமே இருந்தன. அவற்றுக்காகத்தான் என்னை அழைத்திருந்தார்கள்.

"வெட்டாம போடுறதா இருந்தா தர்றேன்," என்றேன்.

"இந்தக் காலத்துப் பசங்க எங்க சார் அதுவரைக்கும் பாக்கறாங்க? மூடிட்டுப் போயிட்டே இருப்பாங்க. மேடம் பேரு நாலு பேருக்குத் தெரியணும்னு உங்களுக்கு ஆசை இல்லையா?"

"பேரு தெரியறதுக்கா அவ அங்க நின்னா?"

அவர் பேனாவை மேசைமேல் வைத்தார். "நேராவே சொல்லிடறேன். நீங்க தரலன்னா வேற டீச்சர வச்சு முழுசா எடுத்துக்குவோம். போட்டிருக்கற மேடம் வீடியோவையும் தூக்கிடுவோம். அப்புறம் அவங்க எங்கயுமே இருக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோங்க."

யோசிக்கச் சொன்னவர் உடனே கடிகாரத்தைப் பார்த்தார். நான் பையிலிருந்து மடிக்கணினியை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்து, கைக்கு வந்த ஓர் ஊரடங்கு வகுப்பை ஓடவிட்டேன்.

"செவ்வகத்தோட நீளத்த ரெண்டு மடங்காக்கியாச்சு. அகலத்தையும் ரெண்டு மடங்காக்கியாச்சு. அப்ப பரப்பளவு எத்தனை மடங்காகும்?" அவள் சாக்பீஸை இறக்கினாள். "அவசரமே இல்ல. யோசிச்சுச் சொல்லுங்க."

பிறகு பேச்சில்லை. ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்டது. பொறுப்பாளரின் விரல், ஓட்டிவிடுவதற்காக விசைப்பலகையை நோக்கி வந்தது. நான் குறுக்கே உள்ளங்கையை வைத்தேன். அவர் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன்.

"ரெண்டு மடங்கு," என்றார் எரிச்சலோடு. "இதுக்கு எதுக்கு சார் இவ்ளோ நேரம்?"

நானும் அன்று அடுப்படியிலிருந்து அதையேதான் கத்தினேன். அவள் தாளில் நாலு கட்டம் போட்டுக் காட்டும்வரை ஒப்புக்கொள்ளவும் இல்லை. இப்போது நான் திருத்தவில்லை. கையையும் எடுக்கவில்லை.

திரையில் அவள், நான் செய்துகொடுத்த கண்ணாடியில் அந்தக் கறுப்புக் கட்டங்கள் சின்னச் சின்னதாகத் தெரிய, அந்த அம்மாவையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.