கடைசி ஆளுக்கு முன்னால் நடப்பவர்

எங்கள் மன்றத்தில் கடைசி ஆளாக நடப்பவர், தனக்கு முன்னால் நடப்பவர் வீடு போய்ச் சேரும்வரை மலையைவிட்டு இறங்கக் கூடாது. போன மார்கழியில் கடைசி ஆளாகப் போன என் மனைவி ஜெசிந்தா இந்த மார்கழி பிறந்தும் இறங்கவில்லை.

கோத்தகிரியில் பனிக்காலத்துக்கு மட்டும் இயங்குகிற மன்றம் இது. மார்கழி பிறந்ததும் தொடங்கும். காட்டுத் தீக்குப் பயந்து மாசிக் கடைசியில் மலைப்பாதையின் கேட்டைப் பூட்டும்போது முடிந்துவிடும். சனிக்கிழமை சைக்கிள், ஞாயிற்றுக்கிழமை நடை. உறுப்பினர்கள் எல்லோரும் வீட்டில் இருந்தால் தொந்தரவு என்று அனுப்பிவைக்கப்பட்டவர்கள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதில் பாதி உண்மைதான். நானும் ஜெசிந்தாவும் மட்டும் ஆசைப்பட்டுச் சேர்ந்தோம்.

எனக்குத் தபால் நிலையத்துக்கு எதிரே வர்க்கி பிஸ்கட் கடை. ஜெசிந்தா பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. கடைசி ஆள் கழுத்தில் ஒரு விசில் தொங்கும். பின்னால் யாரும் விடுபடவில்லை என்பதற்கு அடையாளமாக அவ்வப்போது ஊத வேண்டும். விசில் ஊத அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதால் மன்றச் செயலாளர் போஜராஜன் அன்று அவளைக் கடைசி ஆளாகப் போட்டார்.

விதி வந்த கதையும் எல்லோருக்கும் தெரியும். மன்றம் தொடங்கிய புதிதில் ஒருவரை நரிப்பாறை உச்சியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைவரை யாருக்கும் தெரியவில்லை. அவர் வீட்டுக்காரம்மாவுக்கே தெரியவில்லை. அதன் பிறகுதான் கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாது, முன்னால் போகிறவர் வீடு சேர்ந்தபிறகே இறங்க வேண்டும், அவர்கள் இருவருக்கும் நடுவில் புகவும் கடைசி ஆளுக்குப் பின்னால் ஏறிப் போகவும் யாருக்கும் உரிமையில்லை என்றெல்லாம் எழுதினார்கள். நல்ல விதி. அன்றிலிருந்து யாரும் விடுபட்டதில்லை.

ஜெசிந்தாவுக்கு முன்னால் நடந்தவர் தணிகாசலம். டீ பேக்டரியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். அன்று உச்சியில் எல்லோரும் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து அவர் மகன் போன் செய்தான். வீட்டை விற்றாயிற்று, வாங்கினவர்கள் மதியமே குடிவந்துவிட்டார்கள் என்றான். தணிகாசலம் சரிப்பா என்று சொல்லிவிட்டு, சாதத்தை முடித்து, கை கழுவி, எல்லோருடனும் இறங்கத் தொடங்கினார். போய்ச் சேர வீடு இல்லாததால் கால் மெதுவாயிற்று. மூன்றாவது வளைவில் ஏறக்குறைய நின்றுவிட்டது. அவருக்குப் பின்னால் பத்தடி தள்ளி ஜெசிந்தா நின்றாள்.

அவரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று ஒரு யோசனை பொதுக்குழுவில் வந்தது. தூக்கி வருவது நடையாகாது என்று முடிவு செய்தார்கள். வீட்டை வாங்கின குடும்பம் நல்ல குடும்பம். அவருடைய செருப்பை இன்னும் வாசலில் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அவர்கள் என்ன செய்ய முடியும்?

ஒரு ஆளுக்குச் சமைப்பது எனக்குப் பிடிக்கவேயில்லை. அரைத் தம்ளர் அரிசி குக்கரின் அடியில் கிடப்பதைப் பார்த்தால் பசியே போய்விடும். கட்டிலில் அவள் படுக்கும் பக்கத்தில் துணி மடித்து வைத்தேன். வேனிலிலும் மழையிலும் கேட் பூட்டியிருக்கும். மேலே போக முடியாது. அந்த மாதங்களில் மலையில் இருப்பவர்களுக்குப் பசிக்காது என்பதால் சாப்பாட்டுக் கவலை இல்லை. மற்ற கவலை எல்லாம் இருந்தது. கடைவாசலில் நின்று மூன்றாவது வளைவு இருக்கும் திசையைப் பார்ப்பேன். மேகம்தான் தெரியும்.

இந்த மார்கழியில் கேட் திறந்ததும் மன்றம் மறுபடி நடக்கத் தொடங்கியது. ஜெசிந்தாவைத் தாண்டி ஏற முடியாது என்பதால் எங்கள் நடை மூன்றாவது வளைவோடு முடிந்துவிடும். அங்கே போய், தணிகாசலத்தின் முன்னால் நின்று, மூச்சு வாங்கி, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புவோம். உச்சி எங்களுக்கு மறந்தே போயிற்று. சனிக்கிழமைகளில் சைக்கிளில் டிபன் கேரியர் கட்டிக்கொண்டு கேட்வரை மிதித்து, அங்கிருந்து தள்ளிக்கொண்டே ஏறுவேன். தணிகாசலத்திடம் கொடுப்பேன். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் வைப்பார். நான் அவரைத் தாண்ட முடியாது. ஜெசிந்தாவை அவர் தோளுக்கு மேலாகத்தான் பார்க்க முடியும். தலைமுடியில் உறைபனி உப்பு மாதிரி படிந்திருக்கும்.

“ஏங்க, கேஸ் மூடிட்டு வந்தீங்களா?” என்று கேட்பாள்.

“மூடிட்டேன்.”

“ரெகுலேட்டரையா?”

“ரெகுலேட்டரையும்தான்.”

தணிகாசலம் அந்த நேரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாகரிகமானவர். தன்னால்தான் இப்படி என்று ஒருமுறை அழுதார். நான் தேற்றவில்லை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மாசிக் கடைசி ஞாயிறு. அதோடு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். இன்னொரு வருஷம் என்னால் முடியாது என்று அன்று காலை பல் தேய்க்கும்போது நன்றாகத் தெரிந்துவிட்டது. மூன்றாவது வளைவுக்குப் போனதும் வீட்டுச் சாவியை எடுத்துத் தணிகாசலத்திடம் நீட்டினேன்.

“சார், இது இனிமே உங்க வீடு.”

அவர் சாவியையும் என்னையும் பார்த்தார். “மெய்யாத்தான் சொல்றீங்களா தம்பி?”

“மெய்யாத்தான்.”

“வெந்நீர் வருமா?”

“வரும். சுவிட்ச் குளியலறைக்கு வெளிய இருக்கு. அடுக்களை ஜன்னல் கொக்கி சரியா விழாது, கொஞ்சம் தூக்கிப் போடணும்.”

போஜராஜன் பக்கத்தில் நின்றிருந்தார். விதிப்படி எல்லாம் நடக்க வேண்டும் என்பதில் கண்டிப்பானவர். “ஸ்டீபன், யோசிச்சுத்தான் குடுக்கறீங்களா? இரவல் வீடு செல்லாது. முழுசா குடுத்தாத்தான் அவர் போய்ச் சேர முடியும்,” என்றார்.

“முழுசாத்தான் குடுக்கறேன்,” என்றேன்.

தணிகாசலம் சாவியை உள்சட்டைப் பையில் போட்டார். குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என்னைத் தாண்டி இறங்கத் தொடங்கினார். ஓட்டம் என்றே சொல்லலாம். ஒரு வருஷமாக நின்றிருந்த மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மன்றத்தார் கை தட்டினார்கள். தணிகாசலம் நின்ற இடத்தில் மட்டும் புல் மஞ்சளாகக் கிடந்தது. அதற்கு அப்பால் ஜெசிந்தா முழுதாகத் தெரிந்தாள். எவ்வளவு இளைத்துவிட்டாள் என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“வா, போகலாம்,” என்றேன்.

நான் முன்னால் நடந்தேன். அவள் விசிலை ஒருமுறை ஊதிவிட்டுப் பின்னால் வந்தாள். மதியம் வீட்டில் என்ன சமைக்கலாம் என்று பேசிக்கொண்டே இறங்கினோம். அவளுக்கு ரசம் வேண்டுமாம். வீடு அவருடையதானாலும் ஒரு ரசம் வைக்க விடமாட்டாரா என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது வளைவு வந்ததும் என் கால் மெதுவாயிற்று. முதலில் ஷூவுக்குள் கல் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கழற்றி உதறினேன். கல் இல்லை.

முன்னால் போன போஜராஜன் திரும்பி வந்தார். என் கால்களைப் பார்த்தார்.

“வீட்டைப் பூரா குடுத்துட்டீங்களா ஸ்டீபன்?”

“பூராவும்தான். நீங்கதானே முழுசா குடுக்கணும்னு சொன்னீங்க.”

“பின்னாடி சின்னதா விறகு ரூம் ஒண்ணு இருந்துச்சே. அதையாச்சும் வெச்சிருக்கலாம்.”

“அதையும் சேர்த்துத்தான்.”

போஜராஜன் கேட் இருக்கும் பக்கம் பார்த்தார். “என் வீட்டைக் குடுக்கலாம்தான். அப்புறம் நான் இங்க நிக்கணும்,” என்றார். அதில் தப்பு எதுவும் இல்லை. மற்றவர்களும் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டார்கள். அவரவர் வீட்டில் அவரவருக்குச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. கேட் பூட்டுகிற நேரமும் நெருங்கியது. என் பையில் இருந்த வர்க்கிப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த மார்கழிவரை எங்களுக்குத்தான் பசிக்காதே.

அவர்களுடைய பேச்சுச் சத்தம் கீழே கேட்டுக்கொண்டேயிருந்தது. பிறகு அதுவும் கேட்கவில்லை. பத்தடி பின்னால் ஜெசிந்தா நின்றாள். தணிகாசலம் வீடு சேர்ந்துவிட்டார். ஆனால் இப்போது அவளுக்கு முன்னால் நடப்பவன் நான்.

“ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்,” என்றாள்.

“கேட்டிருந்தா?”

“வேண்டாம்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கலை.”

பங்குனி முழுக்க இரண்டாவது வளைவில் கழிந்தது. மூன்றாவது வளைவைவிட இது ஒரு விதத்தில் மோசம். மேகம் விலகினால் எங்கள் வீடு தெரியும். சாயங்காலம் தணிகாசலம் அடுக்களை விளக்கைப் போடுவார். ஜன்னல் கொக்கியைத் தூக்கிப் போடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்பது இங்கிருந்தே தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, பிறகு அதுவும் தேய்ந்துவிட்டது. நாங்கள் அதிகம் பேசுவதில்லை. நான் முன்னால் பார்த்து நிற்க வேண்டும். முகம் பார்க்காமல் ஒரு மனுஷியிடம் எவ்வளவுதான் பேசுவது. இனி எதுவும் சரியாகாது என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்தாள் என்பது விசில் ஊதுகிற விதத்தில் தெரிந்தது.

சித்திரை பிறந்தும் குளிர் குறையவில்லை. கீழே சாலையில் போகிறவர்கள் இன்னும் ஸ்வெட்டரோடுதான் போனார்கள். ஒருநாள் ஜெசிந்தா, “யாருங்க?” என்று கேட்பது கேட்டது. என்னைக் கேட்கவில்லை.

“யார்கிட்ட பேசறே?”

“பின்னால வந்து நிக்குது. குளிர்காலம்.”

வழக்கமாகக் குளிர்காலம் மாசிக்குப் பிறகு உச்சியிலிருந்து தேயிலைத் தோட்டம் வழியாக இறங்கி வீடு போய்விடும். இந்த ஆண்டு அங்கே கம்பி வேலி போட்டுவிட்டார்களாம். அதனால் நடைபாதையில் வந்திருக்கிறது. அவளைத் தாண்டப் போனபோது அவள் விதியைச் சொல்லியிருக்கிறாள். சரி மேடம் என்று சொல்லிவிட்டுப் பின்னாலேயே நின்றுவிட்டது.

நான் கொஞ்ச நேரம் யோசித்தேன். கீழிருந்து வருகிறவர்கள் யாரும் அவளுக்குப் பின்னால் போக முடியாது. இது மேலிருந்து வந்திருக்கிறது. அப்படியானால் அவள் கடைசி ஆள் இல்லை.

“ஜெசி, விசிலை அதுகிட்ட குடு.”

“எதுக்கு?”

“நீ இப்ப சாதாரணமா நடக்கற ஆள். என்னை முந்திப் போகலாம்.”

“போய்?”

“வீட்டுக்குப் போ. வீட்டை நான்தான் குடுத்தேன். நீ குடுக்கலை. உன் வீடு அங்கேயே இருக்கு.”

“நான் போனா நீங்க?” என்றாள்.

“வந்துடறேன்,” என்றேன்.

விசில் கை மாறுகிற சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கிட்டே வந்தது. அந்த இடத்தில் பாதை குறுகல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. என்னை உரசாமல் போக முடியாது. உரசிக்கொண்டுதான் போனாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக ஒருவரையொருவர் தொடவில்லை. முன்னால் வந்ததும் நின்று, என் மப்ளரை அவிழ்த்து இறுக்கமாகச் சுற்றிவிட்டாள். அவள் விரல்கள் சூடாக இருந்தன. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

“மார்கழியில கேட் திறந்ததும் ரசம் கொண்டாரேன்,” என்றாள்.

“கொஞ்சம் மிளகு தூக்கலா வை,” என்றேன்.

நான் வீடு சேர்ந்தால்தான் இந்தக் குளிர்காலம் இறங்க முடியும். அது வீடு போனால்தான் அடுத்த மார்கழி பிறக்கும். மார்கழி பிறந்தால்தான் கேட் திறக்கும். இது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. நான் சொல்லவில்லை. பூட்டின கேட்டுக்குப் பக்கத்தில் வெளியே போகிறவர்களுக்கு மட்டும் திரும்புகிற சின்னச் சுழல்கதவு உண்டு. அவள் அதைக் கடப்பதையும், சாலையில் இறங்கி வேகமாக நடப்பதையும், எங்கள் தெருவுக்குள் திரும்புவதையும் பார்த்தேன். கதவைத் தட்டினாள். தணிகாசலம் திறந்து, ஒதுங்கி வழிவிட்டார். சிறிது நேரத்தில் அடுக்களையில் விளக்கு எரிந்தது.

என் கழுத்தின் பின்பக்கம் சில்லிட்டது. பத்தடி தள்ளித்தான் நின்றது; அந்த ஒழுங்கு இருந்தது.

“சார், உங்க வீடு எங்க இருக்கு?” என்று கேட்டது.

விளக்கு எரிகிற இடத்தைக் காட்டினேன்.

“பக்கம்தான்,” என்றது.

“பக்கம்தான்,” என்றேன்.