பலா மரத்து டப்பா

எங்க வீட்டுக்காரர் இருதயநாதன் காலேஜ்ல கெமிஸ்ட்ரி வாத்தியார். திருச்சி மேலப்புதூர்ல ஃபேனுக்கு அடியில உட்கார்ந்துக்கிட்டு கொல்லிமலைக் காபித் தோட்டத்தை நடத்துற மகா கெட்டிக்காரர். தோட்டம் எங்கப்பா எனக்குச் சீதனமாக் குடுத்தது. அடிக்கடி சொல்லிக் காட்டுவேன். எங்கே உறைக்குது?

எழுபத்தொம்பதுல யாரு பேச்சையோ கேட்டு மேல்பாதித் தோட்டத்துல நிழல் மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிட்டார். "செடிக்கு வெயில் வேணும் மேரி, மரமெல்லாம் சத்தைத் திருடுது." முதல் வருஷம் மூட்டை கூடுச்சு. மனுஷனைக் கையில பிடிக்க முடியலை. அடுத்த வருஷம் இலை மஞ்சளாச்சு, தண்டுக்குள்ள புழு குடைஞ்சுச்சு, ஒரு குருவிகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. "உரம் பத்தலை"ன்னுட்டார்.

இப்போ கீழ்ப்பாதிக்கும் நாள் குறிச்சாச்சு. "மரக்கடை ஹனீஃபா பாய்கிட்ட சொல்லிட்டேன். திங்கக்கிழமை லாரி மலைக்குப் போகுது."

கீழ்ப்பாதியிலதான் என் பலா மரங்க இருக்கு. மிளகுக்கொடி ஏறி, அடியில எந்நேரமும் குளுகுளுன்னு இருக்கும். அதுங்க மேல எனக்கு அவ்வளவு ஆசை. அழுதா இந்த மனுஷன் கேட்க மாட்டார்னு எனக்குத் தெரியும்.

ஆனா ஒரு டப்பா இருந்துச்சு. தோட்டத்தைப் பார்த்துக்கிற வள்ளிக்கண்ணுகிட்ட, "ஐயாவுக்கு மட்டும் நல்ல கொட்டையா அனுப்பு"ன்னு ஒரு தடவை சொல்லிவச்சேன். அன்னையிலேர்ந்து பலா மரத்தடிக் கொட்டை தனியா வந்துடும். அதை வறுத்து, அரைச்சு, தனி டப்பாவுல போட்டு வைப்பேன். விருந்தாளி வந்தா இவர் அதைத் தட்டிக் காட்டி, "ஸ்ரீரங்கம் பூரா சுத்தினாலும் இப்படி ஒரு காபி கிடைக்காது"ன்னு பீத்திக்குவார்.

நல்ல கொட்டைன்னா வள்ளிக்கண்ணுக்கு எதுன்னு மலைக்குப் போனப்பதான் பார்த்தேன். பலா மரப் பொந்துல மரநாய் குடியிருக்கு. ராத்திரியானா இறங்கி வந்து, நல்லாக் கனிஞ்ச காபிப் பழமாப் பொறுக்கித் தின்னுட்டு, கொட்டையைப் பாறை மேல கழிச்சுட்டுப் போயிடும். அதைத்தான் அவ அள்ளி, கழுவி, காயவச்சு அனுப்பியிருக்கா. அவங்க வீட்ல குடிக்கிறதும் அதேதானாம். அங்கேயே உட்கார்ந்து சிரிச்சேன். வீட்டுக்கு வந்ததும் எனக்கு மட்டும் டீ போட்டுக்கிட்டேன், அன்னையிலேர்ந்து எனக்கு டீதான். வாயைத் திறக்கலை.

மேல்பாதியில மரத்தோட மரநாயும் போயிடுச்சு. கீழ்ப்பாதியும் போனா டப்பாவும் காலி. அதனால வெள்ளிக்கிழமை காலையில மேல்பாதிக் கொட்டையில காபி போட்டு நீட்டினேன்.

ஒரு வாய் குடிச்சார். "என்னடி இது, கஷாயமா?"

"இனிமே இதுதாங்க. மரம் போனா மரத்தடிக் கொட்டை எங்கேருந்து வரும்?"

சனிக்கிழமையும் அதேதான். ரெண்டு நாளா மூஞ்சி தொங்கிப்போச்சு. ஆனா வாத்தியார் புத்தி விடுமா? "நிழலுக்கும் ருசிக்கும் என்ன சம்பந்தம்? எல்லாம் பிரமை"ன்னார். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்ததும், ரெண்டு கொட்டையிலயும் தானே காபி போட்டு ரெண்டு டம்ளரைக் கொண்டாந்து வச்சார்.

"கண்ணை மூடு. ரெண்டையும் குடி. பலா மரத்தது எதுன்னு சரியாச் சொல்லிட்டா மரத்தை விட்டுடுறேன். தப்பாச் சொன்னா நாளைக்கு லாரி."

ஐயோ, நானா? அதைக் குடிக்கிறதா!

முதல் டம்ளர் நாக்கைச் சுரண்டுச்சு. ரெண்டாவதை வாய்கிட்ட கொண்டுபோனேன். கண்ணுக்குள்ள அந்தப் பாறையும் மரநாயும்தான் வந்து நின்னுச்சு. சேசுவே, காப்பாத்துன்னு சிலுவை போட்டுக்கிட்டு மடக்குன்னு குடிச்சேன்.

"இதுதாங்க."

கண்ணைத் திறந்தா, டம்ளரையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்க்கிறார். "எப்படிடி? டீ குடிக்கிறவ நீ!"

"நிழல்ல பழம் நிதானமாப் பழுக்குதுங்க. ருசி இறங்காதா?" அதுவும் பொய்யில்லையே.

தலையை ஆட்டிக்கிட்டே ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு ஹனீஃபா பாய்கிட்ட வேண்டாம்னு சொல்லப் போனார். தெரு திரும்புற வரைக்கும் பார்த்துட்டு உள்ளே வந்தேன். மிச்சமிருந்த பலா மரத்து டிகாக்‌ஷனை மோந்து பார்த்தேன். பாலைச் சுடவச்சு, முழுசையும் என் டம்ளர்லயே ஊத்திக்கிட்டேன். சனியன், அவ்வளவு நல்லா இருந்துச்சு.

அந்த வாரமே மலைக்குப் போற ஆள்கிட்ட வள்ளிக்கண்ணுக்குச் சொல்லி அனுப்பினேன், இனிமே ரெண்டு பேருக்கு அனுப்பச் சொல்லி.